பகிர்ந்து தங்கிய வீட்டில் என் பங்கு அட்வான்ஸ் 40,000 ரூபாய். ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை. யாரிடம் கேட்பது?

தென்காசிப் பெண் | 3 ஆகஸ்ட் 2025

வணக்கம். சென்னையில் நால்வராகத் தங்கியிருந்த வீட்டைவிட்டு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அட்வான்ஸில் என் பங்கு இன்னும் கைக்கு வரவில்லை. அதை யாரிடம் கேட்பது என்பதே இப்போது சிக்கலாகிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூன் மாதம் பெருங்குடியில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்தோம். வாடகை 26,000. அட்வான்ஸ் 1,60,000. ஆளுக்கு 40,000. அந்த 40,000 எனக்குச் சும்மா வரவில்லை. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை ஊரில் கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் அனுப்பினார்கள். இந்த ஜூனோடு மூன்று முறை வட்டி கட்டிப் புதுப்பித்தாயிற்று. வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் வரும், உடனே மீட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி வந்தேன்.

ஒப்பந்தம் எழுதிய அன்று வீட்டுக்காரர், "நான்கு பேர் பெயரெல்லாம் எதற்கு அம்மா, ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார். எங்களில் மூத்த அக்கா கையெழுத்துப் போட்டார். 20 ரூபாய் முத்திரைத்தாள், 11 மாதம். நான் என் 40,000 ரூபாயை அக்காவுக்கு ஜிபேயில் அனுப்பினேன். அவர் மொத்தமாகச் சேர்த்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார். 2023இல் அக்காவுக்குக் கல்யாணம் ஆகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த பெண் 40,000 ரூபாயை நேராக அக்காவுக்கே அனுப்பினாள். ஒப்பந்தத்தை யாரும் மாற்றவில்லை. 11 மாதம் முடிந்தும் புதுப்பிக்கவில்லை. வாடகை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

எனக்குக் கோயம்புத்தூருக்கு வேலை மாறியது. ஏப்ரல் 30ஆம் தேதி வீட்டுக்காரருக்கும் உடன் தங்கியவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் சொன்னேன். மே 31 காலி செய்தேன். "புதிதாக ஒருத்தி வருவாள், அவள் 40,000 உனக்குத் தந்துவிடுவாள்" என்றார்கள். நானும் சரி என்றேன். ஜூனில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு ஆடி வந்துவிட்டது. ஆடியில் பெண் பிள்ளையைப் புது வீட்டில் குடிவைக்க எந்தப் பெற்றோரும் சம்மதிப்பதில்லை.

வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். "வீட்டை மொத்தமாகக் காலி செய்யும்போதுதான் அட்வான்ஸ். அதுவும் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் கொடுப்பேன்" என்கிறார். அந்த அக்காவோ இப்போது ஓசூரில் இருக்கிறார்.

போன வாரம் உடன் தங்கியவர்கள் ஒரு கணக்கு அனுப்பினார்கள்:

40,000 ரூபாயில் ஜூன் வாடகைப் பங்கு 6,500, ஜூலை வாடகைப் பங்கு 6,500, பெயிண்ட் 6,500 (வீட்டுக்காரர் ஒரு மாத வாடகை பிடிப்பார், அதில் கால் பங்கு), மின்கட்டணம் 870, கீசர் 1,330. ஆக 21,700 போக மீதி 18,300 தருகிறோம், அதுவும் புதிதாக ஆள் வந்த பிறகு.

படித்தபோது கை நடுங்கியது. மூன்று வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். எனக்கு டெங்கு வந்தபோது இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் இந்தக் கணக்கை எழுதியிருக்கிறாள். சண்டை போடவும் மனம் வரவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. 18,300 ரூபாயில் சங்கிலியை மீட்க முடியாது.

சட்டப்படி யாரிடம் கேட்க வேண்டும்? இந்தக் கழிவுகளில் எது நியாயம்?

மேடவாக்கம் | 3 ஆகஸ்ட் 2025

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள். எனக்கும் 2019இல் இதேதான் நடந்தது, 25,000 போனது.

ஏழு வீடு மாறியவள் | 3 ஆகஸ்ட் 2025

மேலே சொன்னதைக் கேட்டு மனம் தளராதீர்கள் தங்கையே. நான் பதினொரு ஆண்டுகளில் ஏழு வீடுகளில் இப்படிப் பகிர்ந்து தங்கியிருக்கிறேன். வேளச்சேரியில் மூன்று, திருவான்மியூரில் ஒன்று, மற்றவை துரைப்பாக்கம் பக்கம். இரண்டு முறை பணத்தை இழந்திருக்கிறேன். அதனால் உங்கள் கணக்கை வரி வரியாகப் பார்க்கிறேன்.

முதலில் பெயிண்ட். இதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. வீட்டுக்காரர் பெயிண்டுக்குப் பிடிப்பது எப்போது? மொத்த வீடும் காலியாகும்போது. இப்போது வீடு காலியாகவில்லை. அவர் கையில் 1,60,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. புதிதாக வருகிறவள் முழு 40,000 தரப்போகிறாள். அதில் 6,500 ரூபாயை உங்களிடம் பிடித்துக்கொண்டால் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? வீட்டுக்காரருக்கு ஒரு பைசாவும் போகவில்லை. உடன் தங்கியவர்களிடம்தான் நிற்கிறது. என்றாவது ஒருநாள் வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டுக்கு 26,000 பிடித்தால், அன்று அந்த வீட்டில் இருக்கும் நால்வர் பங்கிலும் 6,500 குறையும். புதிதாக வருகிறவளும் அதில் ஒருத்தி. ஆக, ஒரே பெயிண்டுக்கு உங்களிடமும் வாங்கி, அவளிடமும் வாங்குகிறார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் இதை யோசித்துப் பார்ப்பதே இல்லை. 2023இல் அந்த அக்கா போனபோது அவரிடம் பெயிண்டுக்குப் பிடித்தார்களா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முழு 40,000 வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். உங்களுக்கு மட்டும் ஏன் வேறு வழக்கம்? இந்த ஒரு கேள்வியை அமைதியாகக் கேளுங்கள்.

அடுத்தது வாடகை. ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்தீர்கள், சரி. ஆனால் பகிர்ந்து தங்கும் வீட்டில் காலியாகும் இடத்துக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு போகிறவளுக்கும் உண்டு என்பது ஊர்வழக்கம். ஒரு மாதம் நீங்கள் ஏற்றுக்கொள்வது நல்லது என்பேன். ஜூலையையும் உங்கள் தலையில் வைப்பது நியாயமில்லை. இப்படியே போனால் ஆள் வராத ஒவ்வொரு மாதமும் உங்கள் 40,000 கரைந்துகொண்டே இருக்கும், அவர்களுக்கும் ஆள் தேடும் அவசரம் இருக்காது. யாருடைய பணத்தில் காலி இடத்துக்கு வாடகை போகிறதோ அவர்தானே பதறுவார்?

மின்கட்டணம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுக்கிறார்கள். காலி செய்யும் நாளும் கணக்கெடுக்கும் நாளும் சேர்ந்து வருவதே இல்லை. எந்தத் தேதி வரைக்கும் உள்ள பில் என்று கேட்டீர்களா? மீட்டரைப் படம் எடுத்து வைத்தீர்களா?

கீசர் எப்போது பழுதானது?

தென்காசிப் பெண் | 3 ஆகஸ்ட் 2025

அக்கா, பெயிண்ட் விஷயத்தை நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். என் கண்ணுக்கே அது படவில்லை. 2023இல் அந்த அக்காவிடம் எதுவும் பிடிக்கவில்லை, முழுத் தொகையும் போனது.

மீட்டரைப் படம் எடுத்திருக்கிறேன், மே 31 காலை. கணக்கெடுத்தது ஜூன் 8. மொத்தம் 3,480, அதில் கால் பங்கு 870. எட்டு நாள் நான் இல்லை. ஆனால் அந்த மே மாதம் என் அறையில்தான் இரவெல்லாம் ஏசி ஓடியது. அதைப் பற்றிப் பேசப் போவதில்லை, 870 என்னுடையதுதான். கீசர் மே மாதம் நான் இருக்கும்போதே கெட்டது. ஜூனில் புதிது மாற்றினார்கள், 5,320. அதுவும் சரி.

நங்கநல்லூர் வீட்டுக்காரர் | 4 ஆகஸ்ட் 2025

நான் மறுபக்கத்து ஆள். மாடிப் போர்ஷனைப் பதினைந்து ஆண்டுகளாக வாடகைக்கு விடுகிறேன். நீங்கள் சொல்லும் வீட்டுக்காரர் கெட்டவர் என்று எண்ண வேண்டாம் அம்மா. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை உள்ளபடி சொல்கிறேன்.

அட்வான்ஸ் பணம் யார் வீட்டிலும் பெட்டியில் உட்கார்ந்திருப்பதில்லை. நான் வாங்கியதை மொட்டைமாடியில் ஓர் அறை கட்டப் போட்டேன். காலி செய்கிறவருக்குக் கொடுப்பது, புதிதாகக் குடி வருகிறவர் தரும் அட்வான்ஸை வாங்கித்தான். பாதி வீடு காலியாகும்போது எனக்குப் புதுப்பணம் வராது. எதை எடுத்துக் கொடுப்பேன்? இரண்டாவது பயம், ஒருத்தருக்குக் கொடுத்த பிறகு ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் வந்து, "என் 1,60,000 எங்கே?" என்று நின்றால் என்ன செய்வது? இந்தப் பயம் நியாயமானது. இதைத் தீர்த்துவைத்தால் அவர் இறங்கி வருவார்.

ஓசூரில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். "என் பங்கை 2023இல் பெற்றுக்கொண்டேன், இந்த அட்வான்ஸில் எனக்கு இனி எந்த உரிமையும் இல்லை" என்று கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரை நேரில் பாருங்கள். அவரிடம் பணம் கேட்காதீர்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுதித் தரும்படி மட்டும் கேளுங்கள். அவர் கைப்பணம் ஒரு ரூபாய்கூடப் போகாது என்று தெரிந்தால் எழுதித் தர மாட்டாரா?

போனில் பேசினால் காரியம் நடக்காது. வெள்ளிக்கிழமையும், விளக்கு வைத்த பிறகும் போகாதீர்கள். எங்களைப் போன்ற பழைய ஆட்கள் அந்த நேரத்தில் பணப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்போம்.

பெயிண்டைப் பற்றி அந்தச் சகோதரி சொன்னது முழுக்கச் சரி. நான் பெயிண்டுக்கு ஒரு முறைதான் பிடிப்பேன்.

செங்கல்பட்டு வழக்கறிஞர் | 4 ஆகஸ்ட் 2025

சட்டத்தைக் கேட்டதால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 11ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆனால் இதை எடுத்துக்கொண்டு உடனே வாடகை ஆணையத்துக்கு ஓடாதீர்கள். அந்த ஒரு மாதக் கணக்கு வீடு காலியானால்தான் தொடங்கும். உங்கள் வீட்டில் இன்னும் மூவர் குடியிருக்கிறார்கள். தவிர, உங்கள் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதல்ல, காலமும் முடிந்துவிட்டது. 11 மாதம் என்று எழுதுவதே ஓராண்டைத் தாண்டினால் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்கத்தான். 2019க்குப் பிறகு 11 மாத ஒப்பந்தமும் வாடகை ஆணையத்தில் பதியப்பட வேண்டியதுதான். இது பலருக்கும் தெரிவதில்லை.

ஆகவே உங்கள் வழி வேறு. இது உங்களுக்கும் உடன் தங்கியவர்களுக்கும் இடையே உள்ள பணக் கணக்கு. அதில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது. "ஒப்பந்தத்தில் பெயர் இல்லை, ஒன்றும் செய்ய முடியாது" என்று முதலில் ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு. 2022இல் அனுப்பிய 40,000 வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும். வீட்டுக்காரர் உங்கள் நால்வரின் ஆதார் நகலும் வாங்கினாரா? காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் குடியிருப்போர் விவரப் படிவத்தில் நால்வர் படமும் ஒட்டினீர்களா? அப்படியானால் நீங்கள் அங்கே குடியிருந்தது அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம், அவர்களே அனுப்பிய அந்தக் கணக்கு. "40,000 ரூபாயில் இவ்வளவு போக 18,300 தருகிறோம்" என்று எழுதியபோதே உங்கள் பங்கு 40,000 என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இனிமேல் வழக்கு கழிவுகளைப் பற்றித்தான், பணம் உங்களுடையதா என்பதைப் பற்றி அல்ல. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். போன் மாற்றினாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

பேச்சில் முடியாவிட்டால் ஒரு கடிதம் எழுதி விரைவுத் தபாலில், ஒப்புகையோடு அனுப்புங்கள். பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இந்த ஆண்டு இணைக்கிறார்கள், அதனால் அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் முடித்துவைப்பார்கள். அங்கே எழுதப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் வரை வழக்குத் தொடரக் காலம் இருக்கிறது. ஆகவே பதற்றம் வேண்டாம். ஆனால் நாள் கடத்தவும் வேண்டாம்.

ஏழு வீடு மாறியவள் | 4 ஆகஸ்ட் 2025

இன்னும் ஒன்று. ஆவணி பிறக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். இப்போதே நீங்களும் ஆள் தேடுங்கள். நீங்கள் அழைத்துவரும் பெண் என்றால் பணம் உங்கள் வழியாக வரும். ஆடி முடிய இன்னும் இரண்டு வாரம்தான். ஆடியில் வீடு பார்த்துவிட்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெட்டி கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர்.

வருகிறவளிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, பெயிண்டுக்கு வீட்டுக்காரர் எவ்வளவு பிடிப்பார், எந்தக் குழாய் ஒழுகுகிறது, எல்லாம். நாளைக்கு அவள் உங்கள் இடத்தில் நிற்பாள்.

தென்காசிப் பெண் | 24 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஓசூர் அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டு ஆண்டுகளாகப் பேசவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "என் பெயர் இன்னுமா அந்தத் தாளில் இருக்கிறது?" என்று அவரே பதறினார். மறுநாளே கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார்.

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருத்தியின் தங்கைக்குத் துரைப்பாக்கத்தில் வேலை கிடைத்திருந்தது. மன்னார்குடிப் பெண். அவளும் அவள் அப்பாவும் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினேன். சனிக்கிழமை காலை சென்ட்ரலில் இறங்கி, எதிரே பறக்கும் ரயில் பிடித்துப் பெருங்குடி போனேன்.

கதவைத் திறந்தவள் அந்தக் கணக்கை எழுதியவள்தான். இரண்டு பேருக்கும் முதலில் பேச்சு வரவில்லை. அவள் காபி போட்டாள். என் பழைய கட்டில் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். தலை வைத்துப் படுத்த இடத்தில் எண்ணெய்க் கறை ஓர் அகல் விளக்கு அளவுக்குப் படிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலின் சுவரிலும் அதே போல ஒன்று. அதற்கும் அப்பால், ஓசூர் அக்கா படுத்திருந்த இடத்திலும் ஒன்று, வெளிறிப்போய். அவளிடம் வேறு எதையும் சொல்லாமல் அந்த மூன்று கறைகளையும் காட்டினேன். "அக்கா போகும்போது அவரிடம் இதற்குப் பிடித்தோமா?" என்று கேட்டேன். சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை எடுத்துவந்து பெயிண்ட் வரியை அடித்தாள்.

ஜூலை வாடகைக்குத்தான் கொஞ்சம் வாக்குவாதம். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலி இடத்துக்கு இரண்டு மாதம் மூவரும் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள், ஆளுக்கு மாதம் 2,167 கூடுதல். அதில் ஒருத்தி வீட்டுக்குப் பணம் அனுப்பவே கஷ்டப்படுகிறவள். எனக்கு அது தெரியாது, என்னிடம் அவர்கள் சொல்லவில்லை. ஜூனை நான் ஏற்கிறேன், ஜூலையை நீங்கள் மூவரும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். ஒருத்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்து சரி என்றாள்.

ஆக, 40,000 ரூபாயில் வாடகை 6,500, மின்கட்டணம் 870, கீசர் 1,330. மீதி 31,300.

பதினொரு மணிக்கு மன்னார்குடிப் பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். சமையலறைக் குழாய் ஒழுகுவது முதல் பெயிண்ட் கணக்கு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அப்பா என்னைப் பார்த்து, "உங்கள் பெயர் தாளில் இல்லாமல் எப்படி அம்மா மூன்று வருடம் இருந்தீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "என் மகள் பெயர் எழுதினால்தான் பணம் கொடுப்பேன்" என்றார். உடன் தங்கியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார்.

எல்லோருமாகக் கீழ்வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் பீரோவிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். 2022 ஒப்பந்தம், மின்கணக்கு வெள்ளை அட்டை, எங்கள் நால்வரின் ஆதார் நகல்கள், எல்லாம் ஒன்றாக ஊசி குத்தி வைத்திருந்தார். என் நகலில் என் கையெழுத்தே இருந்தது. ஓசூர்க் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நங்கநல்லூர் ஐயா சொன்னபடி, "உங்கள் கையிலிருந்து இன்று ஒரு ரூபாயும் போகாது ஐயா, யார் பங்கு எவ்வளவு என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் அவர் முகம் இளகியது. தாமே பேனாவை எடுத்தார். புது ஒப்பந்தம் நால்வர் பெயரிலும் எழுதி ஆணையத்தில் பதியவும் சம்மதித்தார். அதற்கு அடுத்த மாதம் ஆகும் என்றார்.

அந்த அப்பா அங்கேயே என் கணக்குக்கு 31,300, கணக்கு எழுதியவளுக்கு 8,700 அனுப்பினார். அந்த 8,700 அவர்கள் மூவரும் எனக்காகச் செலவழித்தது.

கிளம்பும்போது அவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். கணக்கைப் பற்றிப் பேசவில்லை. சங்கிலிக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இந்தச் சம்பளத்தில் ஆகிவிடும்.

புதிதாகச் சேர்ந்தவன் | 25 ஆகஸ்ட் 2025

அந்தத் தாளில் என்ன எழுதினீர்கள் என்று சொல்ல முடியுமா? நானும் அக்டோபரில் காலி செய்ய வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒருவர் பெயர்தான்.

தென்காசிப் பெண் | 25 ஆகஸ்ட் 2025

பெயர்களை எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன் தம்பி. ஐந்து நகல் எழுதினோம், எல்லோரும் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டோம்.

"பெருங்குடி முதல் மாடி வீட்டின் அட்வான்ஸ் தொகை ரூ. 1,60,000 (ஒரு லட்சத்து அறுபதாயிரம்) என் வசம் உள்ளது. 2022 ஜூனில் செய்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் தம் பங்கை 2023இல் பெற்றுக்கொண்டதாக எழுதிய கடிதம் இத்துடன் உள்ளது. மே 31, 2025 அன்று காலி செய்தவர் தம் பங்குக்கான தொகையைப் புதிதாகக் குடி வருபவரிடமிருந்து 23.08.2025 அன்று பெற்றுக்கொண்டார். அவருக்கு இனி பாக்கி எதுவும் இல்லை, அவரிடமும் எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை. இன்று முதல் மேற்படி அட்வான்ஸில் கீழே கையெழுத்திட்ட நால்வருக்கும் தலா ரூ. 40,000 பங்கு உண்டு. பெயிண்ட் கழிவு வீட்டை முழுமையாகக் காலி செய்யும்போது ஒரு முறை மட்டும் பிடிக்கப்படும். நால்வரில் ஒருவர் காலி செய்தால் ஒரு மாதம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புது ஆள் வரும் வரை காலி இடத்துக்கான வாடகையில் முதல் மாதம் காலி செய்பவருடையது, அதன் பிறகு மற்ற மூவருடையது."

கடைசி இரண்டு வரிகளையும் எழுதச் சொன்னது கணக்கு எழுதிய என் தோழிதான். அவளும் டிசம்பரில் காலி செய்யப் போகிறாளாம்.